தனி ஆவர்த்தனத்தின்போது கதவு திறக்கப்பட மாட்டாது

நல்ல இசைக்கு முதல் எதிரி மிக்ஸிதான். எங்கள் மன்றத்தின் தொடக்க உரையிலேயே இதைச் சொன்னேன், கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. என் மனைவி ஞானம்பாள் சட்னியைப் பின்கட்டு அம்மியில் அரைத்துக்கொள்வாள். அவளாக எடுத்த முடிவு அது, நான் வற்புறுத்தியதில்லை. ஒரே ஒரு தடவை மிக்ஸியின் வயரைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பது அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. வருகிறேன். என் மகள் விஜயஸ்ரீ பெங்களூரிலிருந்து வந்து, தாயின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் கேட்டாள். "அம்மா கதவத் தட்டலையாப்பா?" அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு வேறு பதில் சொல்லப் போகிறேன். ஆனால் மன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

பொருநை உலக இசைச் சுவைஞர் மன்றம் என்று பெயர். நான் நிறுவனர், தலைவர். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது சற்று மந்தம். பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டில், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு காலியான அறையை மன்றத்துக்கு ஒதுக்கினேன். கேளகம் என்று பெயர் வைத்துப் பலகை மாட்டினேன். தேக்குக் கதவு, உள்பக்கம் பித்தளைத் தாழ். சுவரலமாரியில் ஞானத்தின் சேலைகள் இருந்த இடத்தில் ஒலிபெருக்கிகள் ஏறின. சேலைகள் சமையலறைப் பரணுக்குப் போயின. "பாட்டுக்குத்தான எடம் விட்டேன், போட்டும்" என்றாள். பெருந்தன்மையானவள். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

காஸெட்டை யார் வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். நாங்கள் கச்சேரி நடத்தினோம். அழைப்பிதழ் அச்சடிப்போம். குத்துவிளக்கு ஏற்றி, இறைவணக்கம் பாடி, டேப் ரெக்கார்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். பெரிய கலைஞராக இருந்தால் அதன்மேல் பொன்னாடை. நன்றியுரையில் மின்வாரியத்துக்கும் ஒரு வரி உண்டு. ஒருமுறை நடுவில் மின்சாரம் போனபோது, தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையப்பன் இருட்டிலேயே எழுந்து நின்று கலைஞருக்கு வருத்தம் தெரிவித்துப் பேசினார். இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. என் உரைகளைச் சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்றில் தனியாகப் பதிவு செய்வதும் உண்டு. வருங்காலத்தவருக்கு.

அந்தக் காஸெட்டைக் கொண்டுவந்தவர் கபிரியேல். தூத்துக்குடிக்காரர், கப்பலில் மின்சார வேலை. எங்கள் உறுப்பினர் குமரவேலின் கூட்டாளி. ஸ்பெயின் தேசத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் கிடந்தபோது, வாங்கிய இசைத்தட்டிலிருந்து தானே பதிந்து எடுத்து வந்திருந்தார். திறந்தவெளி அரங்கில் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் நடந்த கச்சேரி. இரண்டு கிதார், அரபு நாட்டு வாத்தியம் ஒன்று, தபலா, நம் பக்கத்துக் கடம், ஒரு மரப்பெட்டி. அதன்மேலேயே உட்கார்ந்து அடிப்பார்களாம். நடுநடுவே ஒருவன் அடித்தொண்டையில் பாடுவான். ஒரு பெண் குதிகாலால் பலகையை உதைத்து ஆடுவாள். பக்கத்தில் நாலைந்து பேர் கைதட்டிக்கொண்டே இருப்பார்கள்.

"அது சும்மா தட்டுதது இல்ல சார்" என்றார் கபிரியேல். "பல்மாஸ்னு சொல்லுதாங்க. கைத்தட்டே அங்கன ஒரு வாத்தியம்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து நான் முக்கால் மணி நேர உரை ஒன்று தயாரித்தேன்.

ஆனால் அதை முதலில் கேட்டது ஞானம்தான். கபிரியேலுக்குச் சுக்குக் காப்பி கொடுக்க வந்தவள், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். "ஏங்க, இவன் பாடுதத கேட்டியளா? எழவு வீட்டுல மூத்தவ ஒருத்தி மொதல்ல தொடங்குவால்லா? அப்படில்லா தொடங்குதான்."

"அக்கா சொல்லுதது சரிதான்" என்றார் கபிரியேல். "பொண்டாட்டி செத்துப்போன பாட்டு அது."

"எப்படிச் செத்தாளாம்?"

"அது பாட்டுல வரலக்கா."

ஞானம் தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காப்பி ஆறிவிட்டது என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு நான் "ஐபீரிய மண்ணின் ஒப்பாரி மரபு" என்று பேசியபோது அம்மையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையில் காய் நறுக்கும்போது அந்தக் காஸெட்டைச் சின்னதாக வைத்துக் கேட்பது அவளுக்குப் பழக்கமாயிற்று. நான்தான் வேண்டாம் என்றேன். டேப் தேய்ந்துவிடும். அதன் பிறகு கேளகத்தில் நாங்கள் கேட்கும்போது, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேட்பாள். உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள், நாற்காலியும் குறைவு.

கதவுக்குத் தாழ் போடும் விதி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நம் ஊர்ச் சபாக்களில் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. பாடகர் ஓய்ந்து மிருதங்கத்துக்குத் தனி விட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து வெளியே போகும். காப்பி, வெற்றிலை, மூத்திரம். இந்தக் காஸெட்டை நாங்கள் முதல்முறை போட்டபோது, மரப்பெட்டியும் கடமும் கைத்தட்டும் தனியாகக் கிளம்பிய இடத்தில் நாலு பேர் பழக்கதோஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். அம்மையப்பன் சமையலறை வரைக்கும் போய், "தங்கச்சி, உடன்குடிக் கருப்பட்டி போட்டு ஒரு வாய் காப்பி" என்று கேட்டிருக்கிறார். அங்கே ஆயிரக்கணக்கான பேர் ஆரவாரம் செய்கிறார்கள், இங்கே நாலு நாற்காலி காலி. கலைஞனுக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை. மறுவாரமே பலகை எழுதி மாட்டினேன்: தனி ஆவர்த்தனத்தின்போது கதவு திறக்கப்பட மாட்டாது. விளக்கேற்றியதும் தாழ் போட்டால் ஒரு பக்கம் முடிந்துதான் எடுப்பது. ஹாலில் தொலைபேசி ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்துவிடுவேன்.

இரண்டாம் முறை போட்டபோது ஒரு சின்னச் சங்கடம் நேர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை என்றாகும். முதல் உருப்படி ஓடி முடிந்ததும் நிறுத்திவிட்டு விளக்கினேன். இது அவர்களுடைய பிள்ளையார் துதி மாதிரி, தொடக்கத்தின் பணிவு இதில் தெரிகிறது, கூட்டம் கலைஞர்களை வரவேற்கிறது என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று பக்கம் முடியுமுன்பே சுண்டல் கொடுப்பதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். ஞானம் தட்டோடு உள்ளே வந்தவள், ரொம்ப இயல்பாகக் கேட்டாள்.

"ஏங்க, முடிஞ்ச பொறவுதான சனம் இப்படிக் கத்தும்? போவாத, இன்னொன்னு பாடுன்னு கெஞ்சுத மாதிரில்லா இருக்கு. ரெண்டாம் பக்கத்த மொதல்ல போட்டுட்டியளோ?"

குமரவேல் போய்ப் பார்த்தார். இரண்டாம் பக்கம்தான், அதிலும் கடைசி உருப்படி. முந்தின நாள் ஓட்டிவைத்த இடத்திலிருந்து போட்டிருக்கிறேன். "வே, பிள்ளையார் துதி பாடி மங்களம் பண்ணிட்டேரே" என்றார் அம்மையப்பன். அறையே சிரித்தது. ஞானமும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் திருச்செந்தூர்க் கடலில் அலை வந்து என் வேட்டியை இழுத்தபோது அப்படித்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி தோசை நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன். என் மனதில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரங்களில் நான் பேசும்போதெல்லாம் உறுப்பினர்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஞானம் வருகிறாளா என்று கதவைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

தை பிறந்தது. சென்னையிலிருந்து ஓர் இசை விமர்சகர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருப்பதாகக் குமரவேல் செய்தி கொண்டுவந்தார். பத்திரிகையில் எழுதுகிறவர். சிறப்பு விருந்தினராக அழைத்தோம். அதே காஸெட், இந்த முறை முதல் பக்கத்திலிருந்து.

ஞாயிறு மத்தியானம் கேளகத்தை ஞானம்தான் கூட்டிப் பெருக்கினாள். ஜமுக்காளத்தை வாசலில் உதறிக்கொண்டு வந்து விரித்தாள். அவளுக்குத் தைப் பனியும் ஆகாது, தூசியும் ஆகாது. இழுப்பு உண்டு. வாயில் வைத்து அடிக்கும் நீலப் பம்ப் ஒன்றை இடுப்பில் செருகியபடியே அலைவாள். அன்று இரண்டு தடவை அடித்துக்கொண்டு, ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறந்து போனாள். விளக்குத் துடைக்க வந்தபோது நான் பார்த்தேன். விமர்சகர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கும், அழகாக இல்லை. எடுத்து ஒலிபெருக்கிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அவளைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். விமர்சகருக்குப் போடும் பூமாலை வந்திருந்தது, கவனம் திரும்பிவிட்டது.

விமர்சகர் வந்தார். பட்டு ஜிப்பா. வெல்வெட் உறை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தோம். விளக்கேற்றினார். நான் தாழ் போட்டேன். பேசினேன். பல்மாஸ் என்ற சொல்லை வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னேன். "நாம் கைதட்டுவது பாராட்டுக்கு. அவர்கள் கைதட்டுவது படைப்புக்கு. இன்று இந்த அறையில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தட்டும் வாத்தியம்" என்று முடித்தேன். விமர்சகர் கண்ணை மூடித் தலையை ஒருமுறை அசைத்தார். அந்த அசைவுக்காக நான் முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பொண்டாட்டி செத்த பாட்டு முடிந்தது. தனி தொடங்கியது. மரப்பெட்டி, கடம், குதிகால், கைத்தட்டு. நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது.

குமரவேல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அண்ணாச்சி, யாரோ கதவத் தட்டுத மாதிரில்லா இருக்கு."

நான் உள்ளங்கையைக் காட்டினேன். "இரியும் வே. அது பல்மாஸ்."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டாம் பக்கத்தைப் போட்டதற்குச் சிரித்தவர்தான். இந்த முறை விமர்சகர் இருக்கிறார், தான் விவரம் கெட்டவனாகத் தெரியக் கூடாது என்று நினைத்திருப்பார். மறுபடி தட்டியது. இந்த முறை கூடவே கண்ணாடி வளையல் மரத்தில் மோதும் சத்தம்.

விமர்சகர் ஒரு கண்ணைத் திறந்தார். "அந்தக் கிணுகிணுப்பு?"

"நம் பஜனைச் சிப்ளாக்கட்டை மாதிரி அங்கே ஒரு கட்டை" என்றேன். "விரலில் மாட்டி அடிப்பார்கள்."

"தாளத்துக்குள் நிற்காமல் வெளியே வருகிறார், கவனித்தீர்களா? என்ன துணிச்சல்."

"அதுதான் நவீனம்" என்றேன்.

"அபாரம்" என்றார் அம்மையப்பன்.

ஏழெட்டுப் பெரிய மனிதர்கள். எல்லோருடைய கையும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டுவது சில சமயம் தாளத்தோடு சேர்ந்தது, பல சமயம் சேரவில்லை. சேராதபோது அவர்கள் இன்னும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

அது ஒலிநாடாவிலிருந்துதான் வருகிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன். இதைத்தான் மகளிடமும் சொன்னேன். "தட்டினா எனக்குக் கேட்டிருக்காதாம்மா?" என்றேன். அவள் என் காதைப் பற்றி ஊரே பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் திருத்திக்கொள்கிறேன். ஞானம் தட்டுவது எனக்குத் தெரியும். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. முப்பது வருடமாகக் குளியலறைக் கதவில் துண்டைக் கொண்டுவந்து அப்படித்தான் தட்டுவாள். அதனால் முதல் தட்டு என்னுடைய காதில் விழுந்தபோது, அது ஸ்பெயினிலிருந்து வரவில்லை என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஒலிபெருக்கியின் பின்னாலிருந்து நீல முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததும் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

எழுந்து கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது பல்மாஸ் இல்லை என்றாகிவிடும். சிப்ளாக்கட்டையும் இல்லை. தலைமுடி கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஞானம் நிற்பாள். எல்லோரும் ஒரு நொடி அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் அம்மையப்பன் ஏதாவது சொல்வார். தனியும் அதோடு பக்கமும் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. முடிந்ததும் முறைப்படி எழுந்து, முறைப்படி திறந்து, பம்ப்பைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதுவரை தாங்குவாள் என்று நினைத்தேன். முப்பது வருடம் தாங்கியவள்தானே.

நடுவில் ஒருமுறை எழுந்தேன். விமர்சகர் வசதிக்காக ஒலியைச் சிறிது கூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

தட்டு இளைத்துக்கொண்டே வந்தது. இரண்டும் ஒன்றும் என்பது ஒன்றும் ஒன்றுமாக ஆயிற்று. பிறகு தட்டு இல்லை. வளையல் மட்டும் மரத்தில் உரசிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கிய சத்தம். விமர்சகர் அதற்கு "ஆகா" என்றார். அதன் பிறகு தீர்மானம் வைத்து முடித்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆரவாரம். நாங்களும் கைதட்டினோம்.

தாழை எடுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்படியே உள்பக்கமாகச் சரிந்து, அவள் தலை என் காலில் வந்து விழுந்தது.

"மதினி பாட்டு கேட்டுட்டே கண்ணசந்துட்டாக போல" என்றார் குமரவேல். அவரே குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் பார்வையை ஜமுக்காளத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் வந்தார். இழுப்பு இதயத்தைப் பாதித்துவிட்டது என்றார். வாசல் நிறைய ஆட்கள் வந்தார்கள். மூத்தவள் ஒருத்தி முதலில் தொடங்கினாள். அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

மன்றத்தார் ஒருவரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அது எனக்காக அல்ல. தலையாட்டியவன் பிறகு பேசமாட்டான். விமர்சகர் அன்றைக்கே சென்னை ரயில் ஏறினார். அவர் கட்டுரை வந்தது. கிதாரைப் பற்றி இரண்டு பத்தி, பாட்டைப் பற்றி ஒரு பத்தி. தனி ஆவர்த்தனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விமர்சகர்களுக்கும் மனசாட்சி உண்டு.

போன மாதம் கபிரியேல் விடுமுறையில் வந்தார். அக்காவுக்கு என்று புதுக் காஸெட் ஒன்று கொண்டுவந்திருந்தார். படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "எப்படி சார்?" என்றார். அது பாட்டில் வராது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் காஸெட்டைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

கடைசியாக ஒன்று. என் உரையைப் பதியும் சின்ன டேப் ரெக்கார்டரை அன்று நான் நிறுத்த மறந்துவிட்டேன். விளக்கேற்றியதிலிருந்து தாழ் எடுத்தது வரை எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தருவேன். அதில் எந்தத் தட்டு ஸ்பெயின்காரர்களுடையது, எந்தத் தட்டு ஞானத்தினுடையது என்று இந்த உலகத்தில் பிரித்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அவள் இருந்தபோது இவ்வளவு கவனமாக அவளை நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அதைத்தான் போடுகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் தாழ் போட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் யாராவது வந்து தட்டிவிடக் கூடாது, பாருங்கள்.